சரமகவி பார்த்து வரைந்த முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன மாதம் ஓர் ஓவியக் கண்காட்சியில், "நான் மனிதர்களைப் பார்த்து வரைவதில்லை, கவிதைகளைப் பார்த்தே வரைகிறேன்" என்றார் ஓவியர். கூட்டம் உருகியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவரைத் திட்ட முடியுமா? அதனால் வேலாயுதம் என்று பெயர் மாற்றி, 1931ஆம் வருடத்து ஆம்பூரில் கொண்டுபோய் விட்டேன்.

2

பாலாற்று மணலில் பொன்னந்தி மெல்லக் கவிந்தபோது, வேலாயுதத்தின் நெஞ்சில் ஏதோ ஒரு

(நிறுத்திவிட்டேன். இதை வேலாயுதமே எழுதியிருப்பான்.)

மறுபடியும். தோல்ஷாப்பில், பதனிடும் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்த கன்னியப்பன் காய்ச்சலில் செத்துப்போனான். ஒரு போட்டோ கிடையாது. ஒரு வாரம் போவதற்குள் அவன் மனைவி பட்டம்மாளுக்கு அவன் முகம் நழுவத் தொடங்கிவிட்டது. மூக்கை நினைவில் பிடித்தால் வாய் வரவில்லை. பயந்துபோய் வேலாயுதத்திடம் ஓடினாள். பதினாறாம் நாள் கருமாதிக்குள் படம் வேண்டும் என்றாள்.

3

அவள் கணவனின் அடையாளத்தைக் கையிலிருந்து சொல்லத் தொடங்கினாள். வேலாயுதம் கொஞ்ச நேரம் கேட்டான். அவள் பேச்சில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. சரமகவி அச்சடித்திருக்கிறார்களா என்று விசாரித்தான். அடித்திருந்தார்கள்.*

சிங்கத் தோள், தாமரை முகம், வாரி வழங்கும் செங்கை. அத்தனையையும் வரைந்தான். கைக்கு ரோஜா நிறம் கொடுத்தான். சுண்ணாம்புக் குழியில் வாரி வழங்க என்ன இருந்தது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

* சரமகவி: செத்தவரைப் புகழ்ந்து அச்சடித்துக் கருமாதியில் கொடுக்கும் பாட்டு. எழுதிய புலவரும் கன்னியப்பனைப் பார்த்ததில்லை.

4

கருமாதியன்று படத்தின் துணியை விலக்கினார்கள். ராஜா மாதிரி இருக்கிறான் என்றார்கள் உறவுக்காரர்கள். வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை. பட்டம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"இவுரு யாருங்க?"

[இங்கே வேலாயுதம் அகஅழகு பற்றி இரண்டு பக்கம் பேசினான். கண்காட்சியில் கேட்ட அதே பேச்சு. வெட்டிவிட்டேன்.]

அவன் பேசி முடிப்பதற்குள் அவள் அவனுடைய டர்பன்டைன் துணியை எடுத்துக் காயாத முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கைகளையும் துடைத்தாள்.

"இப்ப கைய போடுங்க. இடது கட்டைவிரல்ல நகம் கெடையாது. முழங்கை வரிக்கும் சுண்ணாம்புல வெந்து கெடக்கும். அத்த சரியா போட்டீங்கன்னா மூஞ்சி எனக்குத் தானா வந்துடும்."

5

முடிவு ஒன்று: வேலாயுதம் கதறி அழுது, திருந்தி, மகா கலைஞனாகிறான். எழுதவே கூசுகிறது.

முடிவு இரண்டு: பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். முகமும் கையும் இல்லாத அந்த உடம்பை அடுத்த சாவு வீட்டுக்கு வைத்துக்கொள்கிறான். நடந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும்.

முடிவு மூன்று: அவள் தன் இடது கையை நீட்டி, கட்டைவிரலைத் தொட்டு "இங்க" என்கிறாள். வேலாயுதம் பார்க்கிறான், அல்லது

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நக்கல் அடித்த நான் கன்னியப்பனைப் பற்றி எழுதியது எத்தனை வரி என்று திரும்பிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. அந்த நகம் எப்படிப் போனது என்று புலவர் கேட்கவில்லை, வேலாயுதம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கையை நீட்டியபடி பட்டம்மாள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். முடிவை நீங்கள் எழுதுவதானால், முதலில் அவளிடம் அந்த நகத்தைப் பற்றிக் கேளுங்கள்.