கஸ்பாரின் நரை

முதலில் கறுப்பு. மேசை மேல் ஒரு பலகை நிறையக் கறுப்பு. ஜன்னலில் மழை வெளிச்சம். அது கறுப்பில் பட்டு வழுக்கி விழுகிறது.

கறுப்பு மைக்கு அடியில் வெள்ளைக் களிமண் பூச்சு. கத்தி முனையால் மையைச் சுரண்டினால் வெளிச்சம் வரும். கொஞ்சம் அழுத்தினால் அடியிலிருக்கும் அட்டை பல்லைக் காட்டிவிடும். மரத்தில் செதுக்கப் பொறுமையில்லாத பழைய அச்சுக்காரர்கள் கண்ட குறுக்கு வழி என்பார்கள். குறுக்கு வழியாம்! ஒரு முகத்துக்கு ஒன்பது நாள் ஆகிறது பானுரேகாவுக்கு. கழுத்துவலி தனி.

இது கஸ்பாரின் முகம். பதினோரு வருடம் முன்பு தூத்துக்குடியிலிருந்து கடலுக்குப் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. காத்திருந்தது போதும் என்று அவர் தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு இறந்தோர் பூசை சொல்லிவிட்டார். பூசையில் வைக்கப் படம் வேண்டும். மனைவி நேவிஸ் கல்யாணப் புகைப்படத்தைக் கொண்டுவந்து தந்தாள்.

"எனக்கு மனசில்ல. எல்லாரும் சொல்லுதாக, செய்யுதேன்" என்றாள்.

ஆறாம் நாள் கை வழுக்கியது. காதோரம் ஒரு வெள்ளைக் கோடு. போன கறுப்பு போனதுதான். மேலே மை தடவினால் ஒட்டுப்போட்டது தெரியும். வேறு வழியில்லாமல் அதை நரைமுடியாக்கினாள். துணைக்கு இன்னும் இரண்டு.

மறுநாள் காலை காதோரம் முழுக்க நரை.

சுரண்டினால் கறுப்புத் தூள் உதிரும். மேசையில் தூளே இல்லை. பானு துணி போட்டு மூடினாள். அறையைப் பூட்டினாள். மழை நிற்கவில்லை. அடுத்த நாள் மீசையும் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே சுருக்கம்.

சனிக்கிழமை நேவிஸ் வந்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. படம் கெட்டுப்போச்சு. வேற போட நேரமில்ல."

நேவிஸ் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"நீயா இப்படிப் போட்ட?"

"மூணு முடி மட்டுந்தான்க்கா. மிச்சம் நான் போடல. சத்தியமா."

நேவிஸ் தலையாட்டினாள், ஏதோ தெரிந்த சேதியைக் கேட்டதுபோல.

"அவுகளுக்கு இப்ப அம்பது வயசு" என்றாள். "செத்தவுகளுக்கு நரைக்குமா, பானு?"

நேவிஸ் அங்கேயே நின்று கொழுந்தனுக்குப் போன் போட்டாள். பூசையை நிறுத்தச் சொன்னாள். பிறகுதான் அழுதாள்.