இன்னும் ஒரு சுற்று

ட்ரேவியனை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள், அவன் அம்மா அர்லீன் பிக்கெட்டின் வீட்டுப் படியேறினார் கோச் வெர்னன் டில்லார்ட். போகவே கூடாது என்று கல்லூரி வக்கீல் தலைபாடாய் அடித்துக்கொண்டார். "வாயத் திறந்தீங்க, உங்க வேலையும் போச்சு, காலேஜ் மானமும் போச்சு." அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அவரா இந்த வீட்டில் உட்கார்ந்து வறுத்த கெளுத்தி மீனை வக்கணையாகத் தின்றுவிட்டு, "இனி இவன் என் பிள்ளை" என்று வாக்குக் கொடுத்தார்?

மிசிசிப்பியில் கோச்சுகள் எல்லாரும் கொடுக்கும் வாக்குதான் அது. பையன் அணிக்கு வரவேண்டுமானால் முதலில் அம்மாவைப் பிடிக்கவேண்டும். இருபத்தாறு வருடம் முன்பு வெர்னனையும் அப்படித்தான் பிடித்தார்கள். நாலு வருடம் அந்தக் கல்லூரிக்காக மோதி விழுந்து அமெரிக்க ஃபுட்பால் ஆடினார். முழங்கால் போனதும் அதே மைதானத்தில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஆடிய காலத்தில் ஒருநாள்கூட "முடியல" என்று சொன்னதில்லை என்பது அவர் பெருமை. பாழாய்ப்போன பெருமை!

அன்று மைதானத்தில் பயிற்சி, ஆகஸ்ட் மாத வெயில். தலையில் கவசம், தோளில் கவசம். முட்டியைப் பிடித்துக் குனிந்து நின்ற ட்ரேவியன், "முடியல கோச்" என்றான்.

"அந்தப் பேச்சுக்கே இங்க இடமில்ல. இன்னும் ஒரு சுத்து, ஓடு!"

ஓடினான். பாதியில் விழுந்தான். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

இப்போது அர்லீன் கதவைத் திறந்து அவரை உட்காரச் சொன்னார். ஒரு தட்டில் கேக்கை வெட்டி வைத்தார்.

"சாப்பிடுங்க கோச். சர்ச்சுக்காரங்க கொண்டாந்து குவிச்சுட்டாங்க, திங்கத்தான் ஆளில்ல." பிறகு அவர் முகத்தையே பார்த்தார். "திடீர்னு மயங்கி விழுந்துட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு காலேஜ்ல சொன்னாங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை தப்பும். இந்த அம்மாவும் கொஞ்சம் தூங்குவார். வெர்னனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லீங்க, மிஸ் அர்லீன். முடியலன்னு எங்கிட்ட சொன்னான். நான்தான் விரட்டி ஓட விட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தார். அடித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"சொன்னானா?"

"ஆமாங்க, சொன்னான்."

"அன்னைக்குக் காலையில எனக்கு போன் பண்ணினான், கோச். உடம்பு நெருப்பா கொதிக்குதும்மா, வீட்டுக்கு வந்துடட்டுமான்னான். அவனுக்கு வாயத் திறந்து கேக்கவே வெக்கம். கோச்சுகிட்ட போய்ச் சொல்லுடா, அவரு உன்னை ஓட விடமாட்டாருன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

வெர்னன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அர்லீன் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வெர்னன் எழுந்து வெளியே போகும்வரை அப்படியே நின்றார்.