ஆவி தெரிய வேண்டும்

மேடையில் இருந்தவர்கள்: தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தும் கோ, நடிகை யுன்லான், சக்கர நாற்காலியில் அவளுடைய அம்மா. அம்மாவின் காலடியில் ஒரு மர வாளி, நிறைய வெந்நீர். கீழே தளப் பொறுப்பாளர் ஃபாங், அழுவதற்குத் தயாராகக் காகிதக் கைக்குட்டையோடு எண்பது பார்வையாளர்கள். எந்தப் பட்டியலிலும் பெயரில்லாத, யுன்லானின் அக்கா சியூமெய், அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி திரையோரம் நின்றாள்.

"வெளியிலதான் நான் நடிகை. வீட்ல, ராத்திரியானா அம்மாவுக்குக் கால் கழுவி விடுற பொண்ணு, அவ்வளவுதான்," என்றாள் யுன்லான். கூடம் கைதட்டியது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மக," என்று கோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடமாகக் கழுவியது சியூமெய். யுன்லான் புத்தாண்டுக்கு வருவாள், அம்மாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு தைபேய்க்கு ரயிலேறிவிடுவாள். அந்தப் பொய் சியூமெய்க்குப் பழகிவிட்டது. பழகாதது வாளியிலிருந்து எழுந்த ஆவி. சர்க்கரை நோயில் அம்மாவின் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. போன குளிர்காலத்தில் சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கியவளுக்கு இடதுகால் வெந்ததே தெரியவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

விளக்குகளைச் சரிசெய்யப் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். சியூமெய் மேடையேறி வாளிக்குள் முழங்கையை வைத்தாள். சுரீரென்றது.

"பச்சத் தண்ணி ஊத்துங்க. இது கொதிக்குது."

"ஆவி தெரியணும்க்கா," என்றாள் ஃபாங். "இல்லேன்னா துணி ஊறப்போட்ட மாதிரி இருக்கும்."

"அவங்களுக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது. வெந்தாலும் சிரிச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

"ரெண்டே நிமிஷம்க்கா," என்றாள் யுன்லான், உதட்டுச் சாயம் கலையாமல். "தினமும் நீதானே பண்ற. இன்னிக்கு ஒரு நாள் எனக்கு விட்டுத் தாயேன்."

"தாராளமா பண்ணு. முதல்ல உன் முழங்கைய வச்சுப் பாரு."

யுன்லான் தன் வெள்ளைப் பட்டுச் சட்டையின் கையைப் பார்த்தாள். மடிக்கவில்லை.

கோ சிரித்தபடியே குனிந்தார். "வீட்டுச் சண்டைய வீட்ல வச்சுக்கலாம்மா. நாலு பேர் பாக்குறாங்க. பெத்தவங்க மரியாதைக்காவது."

"போயிடு," என்றாள் அம்மா. "தங்கச்சி மானத்த வாங்காத. எனக்கொண்ணும் சுடல."

அவள் கால் இன்னும் தண்ணீரில் படவே இல்லை.

சியூமெய் வாளியை அம்மாவுக்கு எதிர்ப்பக்கமாக உதைத்தாள். வெந்நீர் பளபளத்த தரையெங்கும் ஓடியது. ஃபாங் துள்ளி விலகினாள். முன்வரிசையில் யாரோ, "பாவம், பொறாமை," என்றார்கள். இரண்டு ஆட்கள் வந்து, மிகவும் மரியாதையாக, அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

வாசலில் ஒருவன் எதிரே வந்தான். கையில் பெரிய கெட்டில், அதன் மூக்கிலிருந்து ஆவி. சியூமெய் திரும்பிப் பார்த்தபோது அம்மா தன் கால்சட்டை நுனியைத் தானே முழங்கால்வரை சுருட்டிக்கொண்டிருந்தாள்.

கனத்த கதவு சாத்திக்கொண்டது. முழங்கை சிவந்து எரிய, செருப்போடு அவள் நின்றாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.