கியர்பாக்ஸைத் திறப்பது குறித்து

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். ஒர்க்‌ஷாப் மேனேஜர், ஒரு சக்கரம் கழன்ற சுழல் நாற்காலியில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து. வாரண்டிக் கம்பெனி இன்ஸ்பெக்டர், வாடிக்கையாளர்களுக்கான சோபாவின் நட்டநடுவில். நகல் சாரின் மனைவி, அந்த சோபாவில் மிஞ்சிய விளிம்பில். அவள் தம்பி, பழைய டயர் அடுக்கின் மேல். நகல் சார், தண்ணீர் கேனை ஒட்டிய ஸ்டூலில், முழங்காலில் நோட்டுடன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாற்பத்தேழு நாட்களாக இட்ட இடத்தை விட்டு அசையாத கார்.

நகல் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குடியிருப்போர் சங்க அலுவலகத்தில் இருபது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுபவர். பல் டாக்டருக்கு அனுப்பிய நன்றிக் கடிதத்துக்குக்கூட நகல் வைத்திருப்பவர். இந்தக் காருக்காக வாரண்டிக் கம்பெனிக்குப் பதினோரு கடிதம் போட்டிருந்தார். பதினொன்றும் கிணற்றில் போட்ட கல்.

செகண்ட் ஹேண்ட் கார்தான். ஆனால் கூடுதல் வாரண்டி புத்தம் புதியது. அது வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் ஒர்க்‌ஷாப் மேனேஜர், இன்ஸ்பெக்டர் இரண்டு பேர் கையெழுத்தோடும் பழுதைப் பதிவு செய்து தபாலில் சேர்த்துவிட வேண்டும். தவறினால் கியர்பாக்ஸும் நகல் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்று செவ்வாய்.

அவர் மனைவி வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவள். மேட்டுத் தெருவில் ஒரு தையல்காரம்மா. பக்கவாதத்தில் வலது கால் மரத்துப்போனவர். பிடித்து நடக்கும் இரும்புக் கம்பிகளைக் காரில்தான் கொண்டுபோக முடியும். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டரும் சேர்ந்து இறங்க வேண்டியிருக்கும். கார் ஓடிய நாளில் நாலடி நடந்த அந்தம்மா, இப்போது கட்டிலை விட்டு எழவே யோசிக்கிறார்.

தனித்தனியாகக் கூப்பிட்டால் மேனேஜரும் இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்கள் என்பது நகல் சாருக்குத் தெரியும். அதனால், “உங்கள் தரப்பை நேரில் எழுதிக்கொள்ள விரும்புகிறேன், எதிர்த்தரப்பும் வருகிறது” என்று இருவருக்கும் ஒரே வாசகத்தில் எழுதினார். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே இருவரும் ஆஜர்.

“நாங்க ரெடி சார்,” என்றார் மேனேஜர். “ஸ்பேனர் கையிலயே இருக்கு. அப்ரூவல் வந்தா அடுத்த நிமிஷம் கியர்பாக்ஸத் திறந்துடுவோம்.”

“திறக்காம எப்படிங்க அப்ரூவல் குடுக்கறது?” என்றார் இன்ஸ்பெக்டர். “உள்ள என்ன போயிருக்குன்னு நான் கனவா காண முடியும்?”

“அப்ரூவல் இல்லாமத் திறந்தா வாரண்டி செல்லாதுன்னு உங்க புத்தகத்துலதான் போட்டிருக்கு.”

“திறக்காத பழுதுக்கு அப்ரூவல் கிடையாதுன்னும் அதே புத்தகத்துலதான் போட்டிருக்கு!”

டயர் அடுக்கின் மேலிருந்து தம்பி சொன்னான்: “பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்வாங்களேக்கா, அந்த மாப்பிள்ளைய இன்னைக்குத்தான் நேர்ல பார்க்கறேன்.”

“நீ வாயத் திறக்காதே. ‘வண்டி தங்கம்க்கா’ன்னு இத எங்க தலையில கட்டுனதே நீதான்.”

“தங்கம்தான்க்கா. அதான் லாக்கர்ல வெச்ச மாதிரி இருக்கு.”

நகல் சார் சிரிக்கவில்லை. குறிப்பெடுப்பவர் சிரிப்பது முறையல்ல. எழுதி முடித்து உரக்கப் படித்தார். முதல் பத்தி, தாமதத்துக்குக் காரணம் இன்ஸ்பெக்டர் என்று மேனேஜர் சொன்னது. இரண்டாம் பத்தி, காரணம் மேனேஜர் என்று இன்ஸ்பெக்டர் சொன்னது. மூன்றாம் பத்தி: பழுது வாரண்டி காலத்திலேயே வந்தது, கார் நாற்பத்தேழு நாளாக இங்கேயே நிற்கிறது, காருக்கு உரியவர் மேல் தவறில்லை என்பதை இருவரும் மறுக்கவில்லை.

மூன்றாவதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த நேரம் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“முதல் பத்திய அழகா எழுதியிருக்கீங்க,” என்று மேனேஜர் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்திட்டார். இன்ஸ்பெக்டர் இரண்டாம் பத்தியின் கீழ் விரலை ஓட்டித் தலையாட்டிவிட்டு, பதவியின் பெயரையும் சேர்த்து, முத்திரையே குத்திவிட்டார். அடுத்தவன் மாட்டிக்கொண்ட சந்தோஷம் இரண்டு முகத்திலும் சமமாக இருந்தது.

தபால் நிலையத்துச் சாய்வு மேஜையில் நகல் சார் தலைமை அலுவலகத்துக்குப் பன்னிரண்டாவது கடிதத்தை எழுதிக் குறிப்பை இணைத்தார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அந்தம்மாவப் பத்தி ஒரு வரி எழுதுங்க.”

“கூட்டத்துக்கு வராதவங்களக் குறிப்புல சேர்க்கற வழக்கம் இல்லம்மா.”

“வர முடியலன்னுதானே எழுதச் சொல்றேன்.”

சங்கக் குறிப்புகளில் ‘வர இயலாதவர்’ என்றே ஒரு தலைப்பு உண்டு. நகல் சார் இருபது வருடமாக அதன் கீழே ‘எவருமில்லை’ என்றே எழுதிப் பழகியவர். கையெழுத்தான குறிப்பில் கை வைக்கக் கூடாது. கடிதத்தின் அடியில் எழுதினார்: ‘வர இயலாதவர்: தையல்காரர் ஒருவர். அமர்ந்திருக்கும் இடம்: கட்டில் விளிம்பு. காத்திருப்பது: இந்தக் காருக்காக.’

நகலில் அதே வரியை இன்னொரு முறை எழுதினார். உறையை மடித்து, பசை தடவி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார்.

“பதிவுத் தபால்,” என்றார் கவுண்டரில். “ஒப்புகை அட்டையோட. தேதி முத்திரை மட்டும் கொஞ்சம் அழுத்தமா விழணும்.”

தபால்காரம்மா ஓங்கிக் குத்தினாள்.