டாக்டரம்மாவின் சக்களத்தி

"அம்மா, அப்பாவைக் கீழ இறக்க முடியலம்மா" என்று மகன் சமையலறை வாசலில் வந்து நின்றதும் டாக்டரம்மா அழுகையை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள். இது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கணவரான பல் டாக்டர் விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். கட்டிலில் அல்ல, முன்னறையில், பல் பார்க்கும் நாற்காலியில். மூச்சுத் திணறல் வந்தபின் மல்லாந்து படுக்க முடியாமல் போகவே, நாற்காலியைப் பாதி சாய்த்து அதிலேயே தூங்கினார், அதிலேயே சாப்பிட்டார், அதிலேயே பேப்பர் படித்தார். ஜன்னல் வழியே தெருவைப் பார்க்க வசதி என்று அதை முழு உயரத்துக்கு வேறு ஏற்றிவைத்திருந்தார். ஆயுள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்ன மனிதர் இப்போது அந்த உயரத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

சவப்பெட்டி கொண்டுவந்தவர் அண்ணாந்து பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகன் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் நாற்காலிக்கு அடியில் படுத்து ஒயரைத் தேடினார். அந்த நாற்காலிக்கு ஒயரே கிடையாது. எண்ணெயில் ஏறி எண்ணெயில் இறங்கும் பழைய காலத்துச் சாமான்.

"நகருங்க எல்லாரும்."

டாக்டரம்மா நாற்காலியின் இடப்பக்கம் போனாள். அடித்தட்டுக்குக் கொஞ்சம் மேலே, பெயின்ட் உரிந்திருந்த இடத்தில், குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். நாற்காலி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு டாக்டரோடு மெல்ல இறங்கியது. பெட்டிக்காரர் தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார்.

அந்த உதைக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்த நாற்காலியைக் கண்டால் ஆகாது. முன்னறையில் ஒரு சோபா போடலாம் என்று அவள் சொல்வதும், நாற்காலிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அவர் சொல்வதுமாகக் காலம் ஓடியது. 'என் சக்களத்தி' என்றுதான் அதைச் சொல்வாள். ஒரு முறை அவர்களுடைய கல்யாண நாளில் அவள் உடுத்தித் தயாராகி நிற்க, அவர் ஒரு வாரமாக இறங்க மறுத்த நாற்காலியின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவரை உதைக்க முடியாமல் அதை உதைத்தாள். அது இறங்கிவிட்டது. வெளியே தலையை நீட்டிய மனுஷன் மன்னிப்பா கேட்டார்? "எங்க உதைச்ச? இன்னொரு தடவை உதை, பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு நாற்காலி மக்கர் பண்ணும்போதெல்லாம் முன்னறையிலிருந்து குரல் வரும்: "கொஞ்சம் வந்து கோபப்பட்டுட்டுப் போ."

ஊர் எல்லையில் எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பல்வலி வந்தால் எந்த டாக்டரிடம் போனாலும் அன்றைக்கென்று பார்த்து மெஷின் பழுதாகிவிடும். இவர் ஒருவர்தான் உட்கார வைத்துப் பார்த்தார். எல்லார் வாயும் ஒன்றுதான், கருவியைக் கழுவும் விதமும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. விஷயம் பரவியது. யாரும் சண்டைக்கு வரவில்லை, கேள்வி கேட்கவில்லை. அந்தத் தெருவில் மட்டும் அதிசயமாக யாருக்கும் பல்வலியே வராமல் போய்விட்டது. டாக்டர் வாசல் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று அந்தத் தெரு முழுவதும் வந்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் கட்டிக்கொண்ட பல் தெரிந்துவிடக் கூடாதே என்று பலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு வாயாகக் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரைப் பெட்டியில் கிடத்தி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. இல்லத்து டிரைவர் தோளில் கயிறும் கையில் ஸ்பேனருமாக இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"நாற்காலி தூக்க இத்தனை பேரா? நான் ஆளே கிடைக்காதுன்னு நினைச்சேன்" என்றார்.

யாரோ அவர் காதில் சொன்னார்கள். டிரைவர் அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைக்குள் சொருகிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வரச் சொன்னதே டாக்டர்தான். இல்லத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பல் வைத்திய அறை தயாராகியிருந்தது. தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது, விளக்கு வந்துவிட்டது, கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டி வந்துவிட்டது. வாராவாரம் வர ஓர் இளம் பெண் டாக்டரும் சம்மதித்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை, சரியான நாற்காலி வேண்டும். முதல் நாள் வந்து பிள்ளைகளைச் சாப்பாட்டு பெஞ்சில் படுக்கவைத்துப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்றுகூடத் தெரியவில்லை. நாற்காலி இல்லையென்றால் வருவதற்கில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட டாக்டர், "சனிக்கிழமை வந்து எடுத்துக்கங்க. அதுக்குள்ள நான் எந்திரிச்சிடுவேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இன்று சனிக்கிழமை.

"நாற்காலி எங்கயும் போகாது" என்றாள் டாக்டரம்மா.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மகன்தான் முதலில் சுதாரித்தான். அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று மெதுவாக இழுத்தான்.

"அவர் குடுத்தாரு. நான் குடுக்கல."

டாக்டரின் அக்காவுக்கு, அதாவது நாத்தனாருக்கு, வாய் சும்மா இருக்காது. இத்தனை வருஷமாக அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடு, பழைய இரும்புக்காரனுக்குப் போடு என்று தன் தம்பியின் உயிரை வாங்கியது யார் என்று சபையிலேயே கேட்டாள். நியாயமான கேள்விதான். டாக்டரம்மா நாற்காலியைப் பார்த்தாள். அவரைத் தூக்கிய பிறகு நாற்காலியில் அவர் முதுகின் பள்ளம் அப்படியே இருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. கைப்பிடியில் அவர் விரல் தட்டித் தட்டி ரெக்சின் தேய்ந்திருந்தது. அந்த வீட்டில் அவர் உருவத்தை இன்னும் விடாமல் வைத்திருந்தது அந்தச் சக்களத்தி ஒருத்திதான். அவளை இன்றைக்கே எப்படி அனுப்புவது?

லாரி கிளம்பிய பிறகுதான் இல்லத்துக்குச் சாவுச் செய்தி போயிருந்தது; பின்னாலேயே இல்லத்து வேனும் வந்தது. நர்ஸ் பிள்ளைகளை வரிசையாக இறக்கினாள். நாற்காலி கிடையாதாம் என்று டிரைவர் கிசுகிசுத்ததும் அவள் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு அதெல்லாம் வேண்டாம்மா. நாங்க அவரைப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள். சொன்னாளே தவிர, அவள் கண் நாற்காலியை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது.

பிள்ளைகள் வரிசையில் பெட்டியருகே வந்தார்கள். முன்னால் வந்தவள் வாயாடி. ஓயாமல் பேசுவாள் என்பதால் டாக்டர் வைத்த பெயர். வாயைத் திறந்து காட்டும்போது மட்டும்தான் இவள் மௌனம் என்பார். அவள் டாக்டரின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டினாள். கொஞ்சம் குனிந்து, வாயை 'ஆ'வென்று அகலத் திறந்தாள்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயை மூடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் வாயாடிக்குப் பின்னால் நின்ற பொடியனும் திறந்தாயிற்று. அவனைப் பார்த்து அவனுக்குப் பின்னால் நின்றவளும் திறந்தாள். வாசல்வரை வரிசை முழுக்கத் திறந்த வாய்கள். பாவம், அவர்கள்மேல் தப்பில்லை. டாக்டர் முன்னால் வரிசையில் போய் நின்றால் வேறென்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் வணக்கம் கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. டார்ச்சை எடுத்து உள்ளே பார்ப்பார், அவ்வளவுதான்.

"இருக்கட்டும், விடு" என்றாள் டாக்டரம்மா.

ஜன்னல் மேடையில் அவருடைய மூக்குக்கண்ணாடியும் டார்ச்சும் இருந்தன. அவள் டார்ச்சை எடுத்து, வாயாடியின் தாடையைப் பிடித்து, வெளிச்சம் அடித்தாள். அவளுக்குப் பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கீழ்க் கடைவாயில் இருந்த கறுப்புக் குழி எந்தக் குருடருக்கும் தெரியும். அதைச் சுற்றி ஈறு வீங்கிக்கிடந்தது.

"வலிக்குதா?"

"சாப்பிட முடியல. சாப்பிடாம மாத்திரை போட்டா வாந்தி வருது. நர்ஸக்கா திட்றாங்க" என்றாள் வாயாடி, கிடைத்த இடைவெளியில். "சனிக்கிழமை நாற்காலி வரும், முதல்ல உனக்குத்தான்னு டாக்டர் சொன்னாரு. நாங்க ரூம்ல நடுவுல சாக்பீஸால வட்டம் போட்டு வச்சிருக்கோம். அதை யாரும் மிதிக்கக் கூடாது. டிரைவரண்ணன் மட்டும் மிதிச்சிட்டாரு."

சுவரோரம் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா அடுத்த வாயைப் பார்த்தாள். அதற்கடுத்த வாயையும் பார்த்தாள். ஒருவரையும் விடவில்லை. சமையலறையில் நின்றபடி இத்தனை காலம் காதில் விழுந்த வாக்கியத்தையே எல்லாரிடமும் சொன்னாள்: "ராத்திரி இனிப்பு தின்னா எனக்குத் தெரிஞ்சிடும்." பிள்ளைகள் பயபக்தியோடு வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். கடைசி வாயைப் பார்த்து முடித்ததும் டார்ச்சை அணைத்து நர்ஸிடம் கொடுத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க. நாற்காலியோட."

நாத்தனார், சாவு வீட்டிலிருந்து சாமான் வெளியே போவது நல்லதில்லை என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் இருக்கும்போதே, அவர் கண் முன்னாலேயே போகட்டும் என்றாள். அவர் கண்ணை எப்போதோ மூடியாயிற்று என்று யாரும் திருத்தவில்லை.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தார். அப்போது பார்த்து எலக்ட்ரீஷியன், அடியிலிருந்த மிதியைக் காலால் அமுக்கி அமுக்கி ஏதோ சோதித்துப் பார்க்க, நாற்காலி மளமளவென்று மேலே ஏறி நின்றுகொண்டது. அந்த உயரத்தில் அது வாசல் நிலையைத் தாண்டாது. மறுபடியும் ஆளாளுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லாரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள்.

அவள் குதிகாலைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, காலைக் கீழே வைத்துவிட்டு வாயாடியைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. பெயின்ட் உரிஞ்சிருக்கில்ல, அங்க. குதிகாலால."

வாயாடி மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள். நாற்காலி அசையவில்லை.

"இப்படி இல்ல. கோபமா உதைக்கணும்."

"யார் மேல கோபம்?"

"எனக்கு அவர் மேல" என்றாள் டாக்டரம்மா. "உனக்கு யார் மேலன்னு நீயே பாத்துக்க."

வாயாடி யோசித்தாள். பெட்டிக்குள் கிடந்தவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை பாக்கறேன்னு சொன்னாருல்ல?" என்று சொல்லிவிட்டு, ஓங்கி உதைத்தாள்.

நாற்காலி நீளமாக மூச்சை விட்டது. தலை சாய்க்கும் இடத்தில் கையை வைத்தபடி, அது அடிவரை இறங்கும்வரை டாக்டரம்மாவும் கூடவே குனிந்துகொண்டு போனாள்.