பையோடு வந்த பொடிசு

அந்தச் சபைக்காரர்களிடம் ஒரு குறை உண்டு. அன்பு பொங்கிவிட்டால் கை சும்மா இருக்காது. வாசலில் ஒரு பிள்ளை கால் வைத்தால் போதும், தூக்கிக் கொஞ்சி, பக்கத்து மடிக்குக் கைமாற்றி, கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் ஓய்வார்கள். இதற்குத் தலைமை, பாடகர் குழுவை நடத்தும் கொயர் அக்கா. குரலும் பெரிது, மனசும் பெரிது. அடக்கம்தான் இரண்டுக்கும் கிடையாது.

பஸ் ஓட்டும் டிரைவரம்மா தன் வளர்ப்புப் பிள்ளையைக் கூட்டிவந்த அன்றும் அதுதான் நடந்தது. ஐந்து வயதுப் பொடிசு. மூன்று வீடு மாறி இவளிடம் வந்திருந்தது. முதுகில் ஒரு பை, அதற்குள் தன் துணிமணி எல்லாம். சபையே பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பொடிசு அழவில்லை. மடிக்கு மடி பையை இறுக்கிக்கொண்டு கட்டையாக உட்கார்ந்திருந்தது. "எவ்வளவு சமத்து!" என்று கொயர் அக்கா உருகிப்போனார்.

அந்தச் சமத்து வீட்டுக்கு வந்ததும் காற்றில் பறந்தது. சாப்பாட்டுத் தட்டும் கூடவே பறந்தது. அலமாரியில் அடுக்கிய துணியெல்லாம் மறுபடி பைக்குள் போனது. தொட்டால் கடி. ஞாயிறுதோறும் இதே கூத்து. டிரைவரம்மாவுக்குத் தூக்கமே இல்லை. ஒருநாள் சிக்னலில் நின்றபடியே கண்ணசந்துவிட்டாள். பின்னால் அடித்த ஹாரனில் தூக்கிவாரிப் போட்டது. பஸ் நிறைய ஜனம். இனி நம்மால் ஆகாது, திங்கட்கிழமை குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்து பிள்ளையைத் திருப்பி ஒப்படைத்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். கட்டிவிட்டு அழுதாள்.

ஞாயிறு காலை செருப்பை மாட்டிவிடும்போது பொடிசு கேட்டது.

"இன்னைக்கு என்னை யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"எங்க, கண்ணு?"

"அவங்க வீட்டுக்கு. எல்லாரும் தூக்கித் தூக்கிப் பாக்குறாங்கல்ல? யாருக்குப் பிடிக்குதோ அவங்க."

டிரைவரம்மா மாட்டிய செருப்பையே கழற்றி மறுபடி மாட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் பொடிசை போதகரின் மனைவியோடு வெளியே படியில் உட்காரவைத்துவிட்டு, சபை முன்னால் எழுந்து நின்றாள்.

"யாரும் கோவிச்சுக்காதீங்க. இனிமே அவளைத் தூக்காதீங்க. நான் அவளை இங்க யாருக்கோ கொடுக்கத்தான் கூட்டிட்டு வர்றேன்னு நினைச்சிட்டிருக்கா. நெஜமாவே நாளைக்கு விட்டுடலாம்னுதான் இருந்தேன். ஒத்தையா முடியல. உதவணும்னு தோணுச்சுன்னா எனக்கு உதவுங்க."

கொயர் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். போச்சு, இருந்த உறவையும் கெடுத்துக்கொண்டோம் என்று டிரைவரம்மா நொந்துகொண்டாள்.

மறுநாள் மாலை கதவைத் திறந்தால், சேலையை இழுத்துச் செருகியபடி கொயர் அக்கா.

"பிள்ளையைப் பாக்க வரலம்மா. பாத்திரம் எங்க கிடக்கு? நீ போய்ப் படு."

பொடிசுக்கு முதுகைக் காட்டி நின்று தேய்த்தார். டிரைவரம்மா படுத்ததுதான் தெரியும். போன் செய்யும் நினைப்பே வரவில்லை. அடுத்து ஒருவர் துணி மடிக்க வந்தார், ஒருவர் ஆக்கிக் கொண்டுவந்து வைத்தார். போதகர் குளியலறையைக் கழுவினார். பிரசங்கத்தைவிட பிரஷ் அவருக்கு நன்றாக வந்தது. பொடிசின் பக்கம் ஒருவர் கையும் நீளவில்லை. கொயர் அக்காவுக்குத்தான் கை பரபரத்தது. பரபரக்கும்போதெல்லாம் வாணலியை இன்னொரு தடவை தேய்த்தார். அந்த வாணலி அப்படி மின்னி யாரும் பார்த்ததில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொடிசு நேராகக் கொயர் அக்கா முன்னால் போய் நின்றது.

"நீங்க என்னைத் தூக்கலாம்."

அக்கா டிரைவரம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"ஆனா ஒரு சுத்து சுத்திட்டு அம்மாகிட்டயே திருப்பிக் கொடுத்துடணும்."

அதுவரை அந்த வாயிலிருந்து அம்மா என்று ஒரு சொல் வந்ததில்லை.

பொடிசு பையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தது. கொயர் அக்கா தூக்கினார். அவ்வளவு பெரிய குரல்காரி அன்று பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி ஒரு பாட்டை முணுமுணுத்தார். கூடத்தை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு, கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார்.

இருவரும் வீட்டுக்குப் போனார்கள். பை பெஞ்சிலேயே கிடந்தது. பொடிசு அதைத் தேடவே இல்லை.