எலும்பு கேட்டது

ஹொசபூரு ஆஸ்பத்திரியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டே தன் அப்பனின் குரலில் பேசியது. அன்று புதுக் கருவியின் திறப்பு விழா, மேடையில் எம்.எல்.ஏ. இருந்ததால் ஊரே கூடிக் கேட்டது.

குழந்தைக்கு இரண்டு காதிலும் மடல் உண்டு, துளை இல்லை. “கேக்குதுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், கூட்டிட்டுப் போறேன்” என்று அதன் அப்பன் புட்டசாமி கௌடன் சொல்லிவிட, அவன் மனைவி ஜலஜாக்ஷி பிரசவத்துக்கு வந்த பிறந்த வீட்டிலேயே தங்கிப்போனாள். காதுக்குப் பின்னால் எலும்பை அதிரவைத்து உள்செவிக்குக் கேட்கிறதா என்று பார்க்கும் கருவி எப்போதோ வந்துவிட்டது. எம்.எல்.ஏ.வின் தேதி கிடைக்காமல் பூட்டிக் கிடந்தது.

பாலூட்டித் தூங்கவைத்த குழந்தையின் காதுக்குப் பின்னால் டாக்டர் குல்கர்னி தன் கையாலேயே கருவியை அழுத்தினார். திரையில் அலைகள் எழுந்தன. கேட்கிறது! ஜலஜாக்ஷி கைகூப்பினாள். அப்போதுதான், ஒலியை உள்ளே அனுப்பவேண்டிய கருவி, கருப்பையில் எலும்பு கேட்டுவைத்ததையெல்லாம் ஒலிபெருக்கி வழியே வெளியே அனுப்பத் தொடங்கியது.

“பொண்ணுன்னா எனக்கு வேணாம் டாக்டரே. நான் என்ன வளையல் கடையா வெச்சிருக்கேன்?”

கூட்டம் சிரித்தது.

“பொண்ணேதான் கௌடரே. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, சுத்தம் பண்ணிடலாம். வெளிய மூச்சு விடாதீங்க.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. டாக்டரின் மூக்கடைத்த குரல் ஊருக்கே பழக்கம். அந்த வியாழக்கிழமை அவர் பெண் சிசுக்களைக் காப்பாற்றியதற்கு விருது வாங்க பெங்களூரு போயிருந்தார். பாராட்டுக் கூட்டங்கள் முடிந்து திரும்புவதற்குள் மாதம் ஏறிவிட்டது. குழந்தை பிறந்தது அப்படித்தான்.

மூன்றாவதாக ஒரு மெல்லிய குரல்: “உங்க இஷ்டங்க.”

அது தன் குரல்தான் என்று புரிய ஜலஜாக்ஷிக்குச் சற்று நேரமாயிற்று. கூப்பிய கை தானாக இறங்கியது.

“ரேடியோ ஏதோ மாட்டிக்கிச்சு போல?” என்றார் எம்.எல்.ஏ.

“ரேடியோதான் சார்” என்று சொல்லி டாக்டர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

குழந்தைக்குக் கேட்கும் என்று எழுதினால், கருப்பையில் அது கேட்டதும் உண்மையாகிவிடும். ஆகவே, இரு செவியும் கேளாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். புட்டசாமி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேறு பெண் பார்க்கப் போனான். கருவியைத் திரும்பப் பூட்டினார்கள். அன்றிலிருந்து ஹொசபூருவில் பெண்டாட்டி கர்ப்பமானால் ஆண்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய்த்தான் இதையெல்லாம் பேசுகிறார்கள். பேச்சு மாறவில்லை.

ஜலஜாக்ஷி தன் தாடையைக் குழந்தையின் காதோர எலும்பில் பதித்து நாளெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள். குழந்தை அழுகையை நிறுத்திக் கவனிக்கிறது. பார்க்க வருகிற பெண்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்தி ஒருத்தியையொருத்தி எச்சரிக்கிறார்கள்:

“செவிட்டுக் குழந்தைதான்டி. இருந்தாலும் பார்த்துப் பேசு.”